மச்சான் பேரில் பதினான்கு நோட்டீஸ்

என் தலையில் முடி அதிகம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வம்பு முழுவதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. இடது காதுக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் நீளமாக வளரவிட்டு, மருதாணி போட்டுச் சிவக்க வைத்து, வழுக்கையின் குறுக்கே கொண்டுபோய் வலது பக்கம் சேர்ப்பதற்கு எனக்குத் தினமும் காலையில் கால்மணி நேரம் பிடிக்கும். ஹெல்மெட் அதை ஒரு நொடியில் நாசம் பண்ணிவிடும்.

பாலக்காட்டில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். பொத்தான், ஜிப், நூல்கண்டு, லைனிங் துணி. மாதம் ஒருமுறை ஸ்கூட்டரில் கோயம்புத்தூர் போய்ச் சரக்கு எடுத்து வருவேன். அங்கே ஒரு மொத்தக்கடைக்காரர் எப்போதோ ஒருநாள், “உங்களுக்கு வயசே ஆகறதில்லீங்களே!” என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அவர் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார் என்று என் மனைவி அன்றைக்கே சொன்னாள். நான் கேட்கவில்லை. அந்த மனிதர் கடை வாசலில் மட்டும் தலை கலையாமல் போய் இறங்க வேண்டும் என்று பைத்தியம் பிடித்துக்கொண்டது.

வாளையாற்றில் எல்லை தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், கேரளப் பக்கம், லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. பாலக்காட்டிலிருந்து அதுவரைக்கும் தலையில் ஹெல்மெட்டோடு யோக்கியனாக வருவேன். அங்கே இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, பின்பாக்கெட் சீப்பை எடுத்து, லாரிக் கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு, ஒரு டீ, மாவில் தோய்த்துப் பொரித்த நேந்திரம்பழமான பழம்பொரி ஒன்று. பிறகு ஹெல்மெட்டை முழங்கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு கிளம்புவேன். எல்லைக்கு இன்னும் முந்நூறு அடி பாக்கி இருக்கும். அந்த முந்நூறு அடியில்தான் கேமரா.

கேமராவை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் என்னிடம் ஒரு தத்துவம் இருந்தது. என் ஸ்கூட்டர் தமிழ்நாட்டு நம்பர். கேரளத்துக் கேமரா கேரளத்து நம்பரைத்தான் பிடிக்கும், வேறு மாநில வண்டி போனால் அது கண்ணை மூடிக்கொள்ளும் என்பது என் கண்டுபிடிப்பு. ஆதாரம்? இரண்டு வருஷமாக எனக்கு ஒரு நோட்டீஸ்கூட வரவில்லையே! இந்த ஆதாரத்தை டீக்கடையில் லாரி டிரைவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். எங்கள் கடைவீதியில் நாலைந்து பேருக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். ஒருவர் என் பேச்சைக் கேட்டு ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். இப்போது அவர் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்.

பாலக்காட்டுக்காரனிடம் தமிழ்நாட்டு நம்பர் வண்டி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் இது சாதாரணம். இந்தப் பக்கம் குடியிருப்போம், அந்தப் பக்கம் வண்டி வாங்குவோம். அங்கே கொஞ்சம் சல்லிசு. ஆனால் அந்த ஊர் முகவரி வேண்டும். அதற்குத்தான் மச்சான்கள் இருக்கிறார்கள். என் மனைவியின் அண்ணன் அப்போது குனியமுத்தூரில் வாடகை வீட்டில் இருந்தார். வண்டியை அவர் பேரில், அவர் முகவரியில் வாங்கினேன்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். கால் அங்குலம் தவறி வெட்டியதில்லை. ரோட்டில் ஒரு வண்டிகூட இல்லாதபோதும் பச்சை விளக்கு எரியும்வரை ஓரத்தில் நிற்பார். ஸ்கூட்டரை விடுங்கள், அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. அறுபது தாண்டியும் தலை நிறைய முடி, அதுவும் சுருட்டை. அவர் பக்கத்தில் நின்று கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொள்வதை நான் முடிந்தவரை தவிர்த்துவிடுவேன்.

வண்டி வாங்கின அன்றைக்குக் கையெழுத்துப் போடும்முன் அவர் பேனாவை மேலேயே பிடித்துக்கொண்டு கேட்டார்.

“எம்பட பேருல தப்புத்தண்டா எதுவும் வந்துராதுங்களே மச்சான்?”

“என்னப் பத்தித் தெரியாதுங்களா மச்சான்?” என்றேன்.

தெரியாதுதான் போலிருக்கிறது. போட்டுவிட்டார்.

ஆறு மாதத்தில் அவர் போத்தனூருக்கு வீடு மாறினார். பழைய போன் நம்பரும் போய்விட்டது. குடிபோன வாரமே எனக்குச் சொல்லியனுப்பினார், வண்டிக் காகிதத்தில் முகவரியையும் நம்பரையும் மாற்றிவிடச் சொல்லி. அடுத்த வாரம் என்றேன். பெருநாளுக்கு வந்தபோது மறுபடி கேட்டார். அடுத்த வாரம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, நானும் மறந்தே போனேன். இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு வழியில்லை. அரசாங்கம் நோட்டீஸை ஒழுங்காகத்தான் அனுப்பியிருக்கிறது, நான் கொடுத்த முகவரிக்கு.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம். கடையில் இரண்டு தையல்காரர்கள் பொத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் மஞ்சள் துணிப்பையோடு படியேறி வந்தார். அவர் சொல்லாமல் வருகிற ஆள் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

“மச்சான், ஊட்டுக்குப் போலீஸ் வந்துட்டுப் போச்சுங்க,” என்றார்.

விஷயம் இதுதான். மச்சானும் அவர் மனைவியும் உம்ராவுக்கு, மக்காவுக்குப் புனிதப் பயணம் போக, ஒரு பயணக் குழுவில் பேர் கொடுத்திருந்தார்கள். பல வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்துப் போகிற பயணம். வாழ்க்கையில் முதல்முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருந்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரர், மச்சான் முன்பு குடியிருந்த குனியமுத்தூர் வீட்டிலும் போய்க் கேட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். “தங்கமானவருங்க. ஆனா அவருக்குக் கேரளாவுல இருந்து காயிதமா வந்துட்டே இருக்குதுங்க” என்று சொல்லி, பத்திரமாகக் கட்டி வைத்திருந்த கட்டை அப்படியே போலீஸ்காரர் கையில் கொடுத்துவிட்டார்.

“பதினாலு கேஸ் உங்க பேருல நிக்குது, கோர்ட்டுக்கே போயிருக்குது. நான் எப்படிங்க பெரியவரே நல்லவர்னு எழுதி அனுப்பறது? எல்லாத்தையும் முடிச்சு ரசீதோட வாங்க,” என்று அந்தக் கட்டை மச்சானிடம் கொடுத்து அவர் சொல்லிவிட்டாராம். குழுக்காரர்கள் அந்த மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் வேண்டும், இல்லையென்றால் இருவர் இடமும் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத் தேதி ஆறு.

மச்சான் பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து என் கண்ணாடி மேசைமேல், பொத்தான்களுக்கு மேலே, பரப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரு படம். பதினாலு படத்திலும் நான். அதே ரோடு, அதே முழங்கை, அதே ஹெல்மெட். சட்டை மட்டும் மாறுகிறது. மழை மாதங்களில் மட்டும் நான் ஒழுங்காக ஹெல்மெட் போட்டிருந்திருப்பேன் போலிருக்கிறது, அந்த மாதங்களுக்குப் படம் இல்லை. தலைமுடி எல்லாப் படத்திலும் காற்றில் எழும்பி ஒரு பக்கமாக நட்டுக்கொண்டு நின்றது. இதற்காகவா கால்மணி நேரம்!

தையல்காரர்களில் ஒருவர் குனிந்து பார்த்து, “இது நீங்கதானே! வாயில என்னங்க அது?” என்றார்.

பதினோராவது படம். பாதிப் பழம்பொரி வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையில் பிடிக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன். கேமரா அதை எண்ணெய்ப் பளபளப்போடு எடுத்திருந்தது. மேலே, அழகான எழுத்தில், குற்றவாளியின் பேராக மச்சானின் பேர்.

“அந்தப் போலீஸ்காரர் இந்தப் படத்தத்தான் ரொம்ப நேரம் பார்த்தாருங்க,” என்றார் மச்சான். “இது யாருங்கன்னு கேட்டாரு. எந்தங்கச்சி மாப்பிள்ளைன்னு சொன்னனுங்க.”

நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பயந்துபோனால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். “ஒரு வாரத்துல முடிச்சுத் தர்றேன், நீங்க நிம்மதியாப் போங்க மச்சான்” என்று பெரிய மனிதன் மாதிரி தோளைத் தட்டி அனுப்பினேன். என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய ஒரு சொல் அன்றைக்கு வரவே இல்லை.

வீட்டில் மனைவி காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அழுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. அது இன்னும் மோசம்.

“ஏனுங்க, எங்கண்ணன் இத்தன வயசுக்கு ஒருத்தர்கிட்ட ஒரு பேச்சு வாங்கினதில்லீங்க. உங்க நாலு முடிக்காவ அவரு போலீசுக்குப் பதில் சொல்லோணுமா? அவங்க பயணம் நின்னுச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்த ஊட்டுப் படி ஏறுவேன்?”

மறுநாள் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். பணத்தைக் கட்டிவிட்டு நிமிர்ந்து நடக்கலாம் என்று நினைப்பு. அங்கிருந்த பெண் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். சமயம் கழிந்துபோயிற்று, எல்லாம் கோர்ட்டுக்குப் போய்விட்டது, தொகையும் ஏறிவிட்டது, இனி வண்டிக்காரரே நேரில் வர வேண்டும் என்றாள். வண்டிக்காரர் நான்தான் என்றேன். திரையைப் பார்த்தாள், பேரைப் படித்தாள், என்னைப் பார்த்தாள். நான் எழுந்துவிட்டேன்.

மச்சான் பேரில் நானே ஒரு கையெழுத்தைப் போட்டு விவகாரத்தை முடித்துவிடலாமா என்று வழியில் ஒரு யோசனையும் வந்தது. அதை மனைவியிடம் சொல்லியும் பார்த்தேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். யோசனையைக் கைவிட்டேன்.

மச்சான் போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பாலக்காட்டுக் கோர்ட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. கோர்ட்டில் எங்களைப் போலப் பெட்டிக் கேஸ்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், பெஞ்சில் இடம் கிடைத்தது. மேசைக்குப் பின்னால் இருந்த கோர்ட்டு கிளார்க் அம்மா ஒவ்வொரு நோட்டீஸாக எடுத்துப் பேரைக் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் மச்சான் எழுந்து நின்று, “இருக்கேனுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாலாவது தடவைக்குப் பிறகு அந்த அம்மாவே, “உட்கார்ந்தே சொன்னால் மதி, போதும்” என்றார். அவர் கேட்கவில்லை. பதினாலு தடவையும் எழுந்தார். முழங்கால் வலிக்காரர் வேறு.

கடைசியில் அந்த அம்மா கேட்டார், எல்லாம் சம்மதிக்கிறீர்களா என்று. ஆமாம் என்று சொன்னால் போதும், கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போகலாம்.

“நான் ஓட்டலீங்கம்மா,” என்றார் மச்சான். “எனக்குச் சைக்கிளே வராதுங்க.”

நான் அவர் காதோரம் குனிந்து, “ஆமான்னு சொல்லுங்க மச்சான், இத்தோட முடிஞ்சுரும்,” என்று கிசுகிசுத்தேன்.

அவருக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. “மக்காவுக்குப் போறவனப் பொய் சொல்லீட்டுப் போகச் சொல்றீங்களா மச்சான்?” என்று முழுக் குரலில் கேட்டார்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்த அம்மா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். “அப்போ நிங்ஙளாணு கக்ஷி,” என்றார். அப்படியானால் ஆசாமி நீங்கள்தான் என்று அர்த்தம்.

அப்புறம் என்ன? ஒவ்வொரு கேசுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். வண்டி என் மைத்துனர் பேரில் இருந்தாலும் அன்றைய தேதியில் ஓட்டியவன் நான், படத்தில் தலைக்கவசம் இல்லாமல் இருப்பவன் நான், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் எழுதினால் போதும் என்றார். வராந்தாச் சுவரில் காகிதத்தை வைத்துப் பதினாலு தடவை எழுதினேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இம்போசிஷன் கொடுத்தபோதுகூடப் பத்துக்கு மேல் நான் எழுதியதில்லை. பதினோராவதை வாங்கிப் பார்த்தபோது அந்த அம்மா வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டும் காட்டினார்.

அன்றைக்கு முடியவில்லை. இரண்டாவது தடவை போனபோது ஒரு காகிதத்தில் தேதி தப்பாக இருந்தது, அதுவும் என் கைங்கர்யம்தான். ஒவ்வொரு தடவையும் மச்சான் பஸ் மாறி வந்தார், ஒவ்வொரு தடவையும் அதே வெள்ளைச் சட்டை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன், ஒரு சமாதானமாக இருக்கட்டும் என்று. அவர் டீயைக் குடித்தார். பழம்பொரித் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு விரலால் மெல்ல என் பக்கம் தள்ளினார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நானோ, “எண்ணெய் ஆகாதுங்களா மச்சான்?” என்று கேட்டேன்.

மூன்றாவது தடவை எல்லா ரசீதும் கைக்கு வந்தன. தேதி இருபத்தொன்று. மச்சான் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அந்தப் போலீஸ்காரரைப் பார்க்கப் போனார். அதற்குப் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை, காத்திருக்க வேண்டியதுதான். கடையில் சிவப்பு நூல் கேட்டவருக்குப் பச்சை கொடுத்தேன். மனைவி ஐந்து வேளையும் தொழுதுவிட்டு நெடுநேரம் துஆ கேட்டுக் கையேந்தியே உட்கார்ந்திருந்தாள். எனக்காகவும் கேட்டாளா என்று தெரியவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை. இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் மச்சானிடமிருந்து போன் வந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது, சாயங்காலமே குழுக்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றார். மனைவி சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணிக் கட்டுகளுக்கு நடுவே நின்று அழுதேன். அதைக்கூட மறைவாகத்தான் செய்ய வருகிறது எனக்கு.

புனிதப் பயணம் புறப்படுகிறவர்கள் உறவுக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றங்களுக்குப் பொருத்தம் கேட்பது எங்கள் வழக்கம். பொருந்திக்கொண்டேன், மன்னித்துவிட்டேன் என்று எதிராளி வாயால் சொன்னால்தான் அவர்கள் மனசு ஆறிப் புறப்படுவார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மச்சானும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மச்சான் உட்காரவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நான் உங்களுக்கு ஒரு தப்புப் பண்ணீட்டனுங்க மச்சான்.”

“நீங்களா? எனக்கா?”

“அந்தக் காயிதம் ஒவ்வொண்ணையும் பாக்கறப்ப உங்கள மனசுக்குள்ள திட்டி வஞ்சுட்டனுங்க. பதினாலு தடவ. ரொம்பப் பெரிய வார்த்தையால வஞ்சனுங்க. பொருந்திக்குங்க மச்சான்.”

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர் எனக்காகப் பதினாலு தடவை எழுந்து நின்றவர். பொருத்தம் கேட்க வேண்டிய நான் வீட்டுக்காரனாக நிமிர்ந்து நிற்கிறேன், அவர் குனிந்து நிற்கிறார். வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு ஐம்பத்தாறு வயதில் தெரிந்தது.

“பொருந்திக்கிட்டேன்,” என்றேன். “நீங்களும் என்னப் பொருந்திக்குங்க மச்சான். உங்க பேரக் கெடுத்துட்டேன். உங்க பயணத்தையே கெடுக்கப் பார்த்தேன். என்ன மன்னிச்சுருங்க.” எத்தனை வாரமாக வராத சொல்! ஒருமுறை வந்ததும் நிற்கவில்லை. இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

மச்சான் கையை விடாமல் யோசித்தார். கால் அங்குலம் பிசகாத மனிதர் அல்லவா?

“பதிமூணுக்குப் பொருந்திக்கிட்டனுங்க,” என்றார். “அந்தப் பழம்பொரி வெச்ச படம் ஒண்ணு இருக்குதுங்களே, அதுக்குத்தான் மனசு வர மாட்டேங்குது. அங்க போயி துஆ கேட்டுட்டு வந்து சொல்றனுங்க.”

கேலியா, நிஜமா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மனைவியும் அவள் அண்ணியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். பேரீச்சம்பழமும் மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரும் மனைவியின் கையில் கொடுத்து, மச்சான் தொப்பியைக் கழற்றினார். உம்ரா முடிந்ததும் ஆண்கள் தலைமுடி எடுப்பார்கள், எனக்கும் தெரியும்தான். ஆனாலும் அந்தச் சுருட்டை முடி போய் வெறும் தலையாக அவரைப் பார்த்ததும் திக்கென்றது. அவர் உள்ளங்கையால் தடவிக்கொண்டு, “காத்தாட நல்லா இருக்குதுங்க மச்சான்,” என்றார். அத்தனை முடியை அவர் சந்தோஷமாக விட்டுவிட்டு வந்திருக்கிறார். பதினோராவது படத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டியை என் பேருக்கும் என் முகவரிக்கும் மாற்றி முடிக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. புதுக் காகிதம் கைக்கு வந்த அன்று காலையில் முடிவெட்டும் கடைக்குப் போய், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றேன். “அந்தக் குறுக்கே போறதையுமா?” என்று கேட்டார் கடைக்காரர். அதைத்தான் முதலில் என்றேன்.

ஹெல்மெட் போட்டுக் கிளம்பினேன். வாளையாற்று டீக்கடையில் நிற்கவில்லை. எல்லை தாண்டியும் கழற்றவில்லை. போத்தனூரில் மச்சான் வீட்டு வாசலில் இறங்கி, காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, என் பேரையும் முகவரியையும் எழுத்து எழுத்தாகப் படித்து முடித்தார். நான் ஹெல்மெட்டோடேயே நின்றுகொண்டிருந்தேன். கழற்ற வெட்கமாக இருந்தது.

“கழட்டலாமுங்க மச்சான். ஊட்டுக்குள்ள கேமரா இல்லீங்க,” என்றார்.

கழற்றினேன். என் தலையை ஒரு நிமிடம் பார்த்தார். தன் தலையைத் தடவிக்கொண்டார். உள்ளே போனார். நான் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதோ சொன்னார், அவர் மனைவி சிரிப்பது கேட்டது, பிறகு எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் மச்சானே தட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நாலு பழம்பொரி இருந்தது. ஒன்றை அவர் எடுத்துக்கொண்டு, ஆறுவதற்குள் என்னையும் சாப்பிடச் சொன்னார்.